ஒரு சதவீதக் கொலை

"அய்யோ... என்னங்க!"

அலறல் மாடியிலிருந்து வந்தது.

காலை ஏழு மணி. காபி கொண்டுபோன மனைவியின் கையிலிருந்து கோப்பை தரையில் விழுந்து சிதறியது.

மாடி அறையில் மூன்று கம்ப்யூட்டர் திரைகள். எதிரே சுழல் நாற்காலி. அதில் அவள் கணவர். கழுத்தில் செல்போன் சார்ஜர் ஒயர்... நான்கு சுற்று!

திரையில் டிஜிட்டல் காசுகளின் விலை தன் பாட்டுக்கு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. முதலாளி செத்தார் என்று அது எந்தக் காலத்தில் லீவு விட்டிருக்கிறது, சொல்லுங்கள் கண்ணுகளா!

ஒன்பது மணிக்கு இன்ஸ்பெக்டர் அம்மா ஹாலில் நின்றிருந்தார்.

"அஞ்சு மணி வாக்குல உயிர் போயிருக்குன்னு டாக்டர் சொல்றார். அஞ்சு நாப்பதுக்கு இவர் வச்சிருந்த டிஜிட்டல் காசு மொத்தமும் வேற யாருக்கோ போயிருக்கு. ரெண்டு கோடி!"

"செத்தவர் எப்படி மேடம் அனுப்புவார்?" என்றார் ஏட்டு.

"கட்டைவிரல் வச்சாத் திறக்கும்யா. விரலுக்குச் சொந்தக்காரன் உயிரோட இருக்கானான்னு போன் விசாரிக்குமா?"

"யாருக்குப் போச்சாம்?"

"முப்பத்தி நாலு எழுத்துல ஒரு கணக்கு... பேரும் கிடையாது, ஊரும் கிடையாது! கண்டுபிடிக்க ஆறு மாசம் ஆகும்னு சைபர் பிரிவுல கையை விரிச்சுட்டாங்க."

இன்ஸ்பெக்டர் மனைவியின் பக்கம் திரும்பினார்.

"நேத்து சாயந்திரம் 'உங்களைக் கொன்னாத்தான் எனக்கு நிம்மதி'ன்னு கத்துனியாமே? பக்கத்து வீட்ல சொல்றாங்க."

"என் நகையெல்லாம் வித்து அதுல போட்டார் மேடம். கத்தாமக் கொஞ்சுவாங்களா?"

"கதவு உடையலை. வீட்ல உன்னையும் குழந்தையையும் விட்டா யாருமில்லை. கிளம்பு!"

இன்ஸ்பெக்டர் அவள் மணிக்கட்டைப் பிடித்தார். எட்டு வயது மகள் அம்மாவின் இன்னொரு கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா... நீ போயிட்டா நான் யார்கூட இருக்கறது?"

அதற்குப் பதில் சொல்ல அந்த வீட்டில் உறவென்று ஒருவரும் இல்லை. குடும்ப ஆடிட்டர்தான் முன்வந்தார். நரைத்த தலை, கையில் கைக்குட்டை. சேதி கேட்டு முதலில் ஓடி வந்தவர் அவர்தான்.

"குழந்தையை நான் பார்த்துக்கறேம்மா. நீ தைரியமாப் போயிட்டு வா."

என்ன பரிவு! என்ன பாசம்!

அப்போது அழைப்பு மணி அடித்தது.

வாசலில் வரித்துறை அதிகாரி. தோளில் தோல் பை, முகமெல்லாம் பல்.

"சார், இது துக்க வீடு" என்றார் ஏட்டு.

"தெரியும். எங்க டிபார்ட்மென்ட்ல துக்கம் வேற, கணக்கு வேற."

இன்ஸ்பெக்டருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"செத்தவர்கிட்டயும் வரியா? இந்த டிஜிட்டல் காசைக் காசுன்னே நீங்க ஒத்துக்கலையே!"

"ஒத்துக்கலை மேடம். காசு இல்லை. சரக்கும் இல்லை. சூதாட்டம்னும் சொல்ல மாட்டோம்."

"அப்ப அது என்னதான் சார்?"

"லாபம் வந்தா முப்பது சதவீதம்."

"நஷ்டம் வந்தா?"

"அது உங்க சொந்த விஷயம்."

மனைவிக்கு அழுகைக்கு நடுவிலும் தலை சுற்றியது.

"ஆனா நான் வந்தது வேற விஷயமா" என்று அதிகாரி தொண்டையைச் செருமினார். "போன மாசம் ஒரு புது விதி போட்டோம். டிஜிட்டல் காசு வாங்கறவங்க, அதுல ஒரு சதவீதம் பிடிச்சு, வித்தவர் பேர்ல எங்களுக்குக் கட்டணும். ஊர்ல ஒருத்தர் கட்டலை மேடம்! தினமும் கம்ப்யூட்டரைத் திறந்து பார்ப்பேன்... பூஜ்யம்! இன்னிக்குத் திறக்கறேன்... ரெண்டு லட்சம்! ஒருத்தர் கட்டியிருக்கார்!"

அவர் குரல் தழுதழுத்தது. பையிலிருந்து சட்டம் போட்ட சான்றிதழ் ஒன்றை எடுத்தார்.

'முதல் நேர்மையான குடிமகன்.'

"அவர் ஆபீஸ்ல கேட்டேன், இங்கே இருக்கார்னாங்க. ஆடிட்டர் சார்... நீங்கதானே?"

ஆடிட்டரின் கைக்குட்டை நழுவிக் கீழே விழுந்தது.

"அவர் வரி கட்டுன படிவத்தைக் கொஞ்சம் சத்தமாப் படிங்க சார்" என்றார் இன்ஸ்பெக்டர், மிக மெதுவாக.

"வாங்கியவர், நம்ம ஆடிட்டர் சார். விற்றவர், இந்த வீட்டுக்காரர். நேரம், காலை அஞ்சு நாப்பது. அஞ்சு அம்பதுக்கே வரி வந்துடுச்சு மேடம்... பத்தே நிமிஷத்துல! இவரைப் பள்ளிக்கூடத்துல பாடமா வைக்கணும்!"

இன்ஸ்பெக்டரின் பிடி மனைவியின் மணிக்கட்டை விட்டது. ஆடிட்டரின் சட்டைக் காலரைப் பிடித்தது.

"ஏன்யா... கொலையை மறைக்கத் தெரிஞ்ச உனக்கு வரியை மறைக்கத் தெரியலையா?"

ஆடிட்டர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"முப்பத்தொரு வருஷமா ஒரு கெடுகூடத் தவறவிட்டதில்லை மேடம்! அவசரமாக் கணக்குப் பார்க்கணும்னு விடிகாலைல வந்தேன்... அவரேதான் கதவைத் திறந்துவிட்டார். எல்லாம் முடிஞ்சு வெளியே வந்தா... வரி பாக்கி நிக்குதேன்னு உடம்பெல்லாம் நடுக்கம்! கட்டலைன்னா இவங்க கம்ப்யூட்டர் கண்டுபிடிச்சுடும் மேடம்... உங்களை மாதிரி ஆறு மாசம் எடுத்துக்காது!"

இன்ஸ்பெக்டர் விலங்கை இரண்டு பல் அதிகமாகவே இறுக்கினார்.

மனைவி மகளை வாரி அணைத்துக்கொண்டாள். இத்தனை நேரம் பயத்தில் அடைத்திருந்த அழுகை இப்போதுதான் முழுசாக வந்தது. கொஞ்ச நேரம் கழித்துக் கண்ணைத் துடைத்தாள்.

"மேடம்... அந்த ரெண்டு கோடி எங்களுக்குத் திரும்பக் கிடைக்குமா?"

"கண்டிப்பாக் கிடைக்கும்மா!" முந்திக்கொண்டார் வரி அதிகாரி. "ஆனா பாருங்க... திரும்பி வர்றதும் காசு கை மாறுற கணக்குதான். அதுக்கு இன்னொரு ஒரு சதவீதம்..."

மனைவியின் பார்வை மெல்ல, ஏட்டு சாட்சிப் பையில் போட்டு வைத்திருந்த சார்ஜர் ஒயர் பக்கம் போனது.

"சார், தயவுசெஞ்சு ஓடிடுங்க!" என்று கத்தினார் இன்ஸ்பெக்டர். "ஒரே நாள்ல ரெண்டாவது கொலை கேஸ் எழுத என்கிட்ட பேப்பர் இல்லை!"