டிரெய்லரில் ஏறியவள்

அந்த ஆள் டிரெய்லருக்குள் காலே வைக்கவில்லை. சேனாபதிக்கு முதலில் உறுத்தியது அதுதான். விற்கிறவன் என்றால் உள்ளே ஏறி, அடுப்பைப் பற்றவைத்துக் காட்டி, மெத்தையைத் தட்டிக் காட்டி, வாய் ஓயாமல் பேசுவான். இந்தக் கிழவரோ கணுக்கால் ஆழப் பனியில் நின்றபடி, திறந்த கதவு வழியாகக் கையை மட்டும் நீட்டி, அது ஹீட்டர், அது சிங்க், அங்கே மூன்று பேர் படுக்கலாம் என்று சொல்லி முடித்துவிட்டு, சாவியையும், ரிவர்ஸ் எடுக்கும்போது உதவும் என்று இரண்டு வாக்கி டாக்கிகளையும் அவன் கையில் திணித்தார். காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துப்போகும், அடுப்பும் படுக்கையும் வைத்த புத்தம்புது வண்டி. ஆனால் உள்ளிருந்து, வெகுநாள் பூட்டிக் கிடந்த வீட்டின் வாடை வந்தது.

"சாயங்காலம் மலையில் புயல் வருகிறது. இன்று ராத்திரி ரீனோவிலேயே தங்கிவிட்டுக் காலையில் கொண்டுபோங்களேன்" என்றார் கிழவர், ஆங்கிலத்தில்.

"அவரு சொல்றது காதுல விழுகுதா?" என்றாள் மனைவி புஷ்பவல்லி, அவனைப் பார்க்காமலே.

"நாளைக்கு ஆபீஸ் போவோணும். எனக்கு இருக்கறது ஒரே ஒரு நாள் லீவ்."

"லீவ்!" என்றாள் அவள். அவ்வளவுதான். அந்த ஒரு சொல்லை அவள் துப்பிய விதத்தில் சேனாபதியின் காது மடல் கொதித்தது.

நவம்பரில், கோபிசெட்டிபாளையத்தில் அவள் அம்மா இறந்துபோனாள். சன்னிவேல் அபார்ட்மெண்டில், அதிகாலையில் வந்த போனைக் கையில் பிடித்துக்கொண்டு அவள் தரையில் உட்கார்ந்திருந்தபோது, சேனாபதி காரணங்களை அடுக்கினான். கிரீன் கார்டு பாதியில் நிற்கிறது, இப்போது வெளியே போனால் திரும்ப விடுவார்களோ மாட்டார்களோ, சிப் டிசைன் முடிகிற நேரம், லீவ் கேட்டால் மேனேஜர் முறைப்பான். எல்லாம் நிஜமான காரணங்கள். அவள் போகவில்லை. அன்றிலிருந்து அவள் வாயில் 'ஏனுங்க' இல்லை. 'வாங்க, போங்க' இல்லை. சுவரிடம் பேசுவதுபோல அவனிடம் பேசினாள். இரண்டு மாதம். இந்தத் தொண்ணூற்றெட்டு ஜனவரியில், குடும்பத்தோடு நாலு இடம் போய்வந்தால் மனசு மாறுவாள் என்று நினைத்துத்தான் இந்த டிரெய்லரையே வாங்கினான். அதற்கும் ஒரு நன்றி கிடையாது. அவன் பல்லைக் கடித்துக்கொண்டு, நண்பனிடம் இரவல் வாங்கிய பிக்அப் வண்டியில் டிரெய்லரை மாட்டினான்.

மலை ஏறும் வழியில் ட்ரக்கி என்ற ஊரைத் தாண்டும்போது மணி நாலரை. வெளிச்சம் அதற்குள் செத்துக்கொண்டிருந்தது. சக்கரத்துக்குச் சங்கிலி கட்டாமல் யாரும் மேலே போகக்கூடாது என்று மஞ்சள் கோட்டுக்காரர்கள் எல்லா வண்டிகளையும் ஓரங்கட்டினார்கள். சேனாபதி சேற்றுப்பனியில் முட்டிபோட்டு, விறைத்த விரல்களால் சங்கிலியைச் சக்கரத்தின்மேல் இழுத்தான். கொக்கி நழுவியது. மறுபடி நழுவியது. தலைக்குமேல் அவள் குரல்.

"கொழந்தைய வெச்சுக்கிட்டு இதெல்லாம் தேவையா? யார் சொல்லியும் கேக்கக் கூடாது. எங்கம்மா செத்தப்பவும் இதே பிடிவாதந்தான்."

"வாய மூடு புஷ்பா."

"உன் பக்கத்துல உக்கார எனக்குப் பிடிக்கல. பாப்பாவும் நானும் பின்னாடி ஏறிக்கறோம்."

டிரெய்லரில் ஆள் ஏற்றக் கூடாது, சட்டப்படி தப்பு. அது அவனுக்குத் தெரியும். ஆனால் அந்த 'உன்' அவன் மண்டைக்குள் இறங்கி வெடித்தது.

"ஏறு. எங்கியோ தொலஞ்சு போ!"

டாஷ்போர்டில் கிடந்த டிரெய்லர் சாவியை எடுத்துக் கோட்டில் போட்டுக்கொண்டாள். தூங்கிக்கொண்டிருந்த ஐந்து வயது மகள் யாமினியைத் தோளில் தூக்கிக்கொண்டு பின்னால் போனாள். கதவு திறக்கும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து மூடும் சத்தம். பிறகு இன்னொரு முறை மூடும் சத்தம். சேனாபதி நிமிர்ந்து பார்க்கவில்லை. சங்கிலியை இறுக்கிவிட்டு, கையை உதறிக்கொண்டு, ஏறி உட்கார்ந்து கதவை அறைந்து சாத்தினான்.

டாஷ்போர்டின்மேல் இருந்த வாக்கி டாக்கி கரகரத்தது.

"ஏனுங்க. ஏறிட்டனுங்க. போலாம்."

அவன் கை சாவியிலேயே நின்றது. ஏனுங்க. இரண்டு மாதத்துக்குப் பிறகு. திட்டியது உறைத்துவிட்டதாக்கும் என்று ஒரு கசப்பான திருப்தி அவனுக்குள் ஊறியது. வண்டியைக் கிளப்பினான்.

மேலே ஏற ஏற, பனி கண்ணாடியை நோக்கி நேராகப் பறந்து வந்தது. வைப்பர் வழித்து எறிய எறிய மறுபடி அப்பியது. சங்கிலி தார்ச்சாலையைக் கடித்துக் கடித்து ஒரே தாளத்தில் அரைத்தது. பக்கக் கண்ணாடியில் டிரெய்லரின் வெள்ளைச் சுவரும் பனியும் ஒன்றாகக் கலந்துவிட, பின்னால் எதையோ இழுத்துப் போகிறோம் என்பதை முதுகின் பாரம் மட்டுமே சொன்னது.

"பாப்பா தூங்கறாளா?" என்று கேட்டான்.

"மடியில படுத்திருக்காளுங்க."

"குளிரும். ஹீட்டரப் போட்டுக்கோ."

"வேண்டாமுங்க. பாப்பா சூடா இருக்கா."

அவள் அவ்வளவு சாந்தமாகச் சொன்னதால்தானோ என்னவோ, அடைத்து வைத்திருந்ததெல்லாம் அவனுக்குப் பீறிட்டது. பொத்தானை அழுத்திக்கொண்டு கத்தினான். நான் யாருக்காக இப்படி மாடாட்டம் உழைக்கிறேன், என்னை மனுசனாகவாவது மதிக்கிறாயா, செத்தவங்க முகத்தைப் போய்ப் பார்த்து என்ன ஆகப்போகுது, பார்த்தால் எழுந்து உட்காருவாங்களா. சொல்லி முடித்துப் பொத்தானை விட்டான். அவள் சீறுவாள் என்று காத்திருந்தான்.

"உங்க மேல தப்பே இல்லீங்க" என்றது குரல். "செத்தவங்கள யாரு வந்து பாக்கப் போறாங்க. ஒருத்தரும் வர்றதில்லீங்க."

புஷ்பவல்லி இதைச் சொல்ல மாட்டாள்.

செத்தாலும் சொல்ல மாட்டாள்.

சேனாபதி ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலைத் தளர்த்தினான். உச்சியைத் தாண்டிவிட்டிருந்தார்கள். இருபுறமும் பனி மதில். ஒதுங்க ஓர் அடி இடமில்லை.

"புஷ்பா, நம்ம கல்யாணம் எந்த மண்டபத்துல நடந்துச்சு?"

கரகரப்பு. அதற்குள் மெல்லிய மூச்சு.

"வண்டிய நிறுத்தாதீங்க."

"கேட்டதுக்குப் பதில் சொல்லு!"

"நிறுத்தாதீங்க. வீட்டுக்குப் போலாமுங்க."

வளைவில் வண்டி லேசாக வழுக்கியது. பக்கத்து சீட்டில் புஷ்பவல்லி விட்டுப்போயிருந்த சால்வை சரிந்து கீழே விழுந்தது. அதற்கடியில் கறுப்பாக ஏதோ இருந்தது. டாஷ்போர்டு வெளிச்சத்தில் அவன் குனிந்து பார்த்தான்.

இரண்டாவது வாக்கி டாக்கி.

அவள் அதை எடுத்துக்கொண்டு போகவே இல்லை.

முன்னால் இருந்த பெட்டி இன்னும் கரகரத்துக்கொண்டிருந்தது. அதை அணைத்தான். சிவப்பு விளக்கு அணைந்தது. பனியின் சத்தம். சங்கிலியின் சத்தம். பிறகு, அணைந்த பெட்டியிலிருந்து அதே குரல்.

"கோபம் வேண்டாமுங்க."

அவன் அலறினானா என்று அவனுக்கே தெரியவில்லை. பிரேக்கை மிதித்தால் டிரெய்லர் மடங்கிப் பிக்அப்பைக் கவிழ்த்துவிடும். மிதிக்க முடியாது. பாப்பா உள்ளே. மிதிக்க முடியாது. ஒரு மைல். இன்னொரு மைல். அப்போதுதான் பின்னால் நீலமும் சிவப்பும் சுழன்றன.

வண்டிகள் ஒதுங்கிச் சங்கிலியைக் கழற்றும் அகன்ற சாலையோரத்தில் வண்டியை நிறுத்தினான். பின்னாலேயே ஹைவே போலீஸ் கார் நின்றது. அதன் பின்கதவு திறந்தது. தலையெல்லாம் பனியோடு, ஒருத்தி இறங்கி ஓடிவந்தாள்.

புஷ்பவல்லி.

வந்த வேகத்தில் அவன் நெஞ்சில் இரண்டு கையாலும் குத்தினாள். "மனுசனா நீ? பாப்பாவப் படுக்க வெச்சுட்டு எதுத்தாப்புல ரெஸ்ட்ரூம் போனேன். திரும்பி வந்தா வண்டியக் காணோம்! கத்திக்கிட்டே பனியில ஓடி வந்தேன்! ஒரு தடவ திரும்பிப் பாத்தியா? ஒரே ஒரு தடவ?"

திறந்திருந்த பிக்அப் கதவு வழியாக அவள் குரலே வெளியே வந்தது.

"ஏனுங்க. ஏன் நிறுத்திட்டீங்க?"

புஷ்பவல்லியின் ஓங்கிய கை அப்படியே நின்றது. அவள் பிக்அப்பைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள். "அது யாரு?" என்றாள். பிறகு, "பாப்பா" என்றாள்.

இருவரும் ஓடினார்கள். சாவி அவள் கோட்டில் இருந்தது. சாவி திரும்பியது. கதவு திறக்கவில்லை. உள்பக்கம் தாழ். சேனாபதி தோளால் மோதினான். போலீஸ்காரரும் மோதினார். தகரம் அதிர்ந்ததே தவிர அசையவில்லை. "திற! என் கொழந்தையக் குடு!" என்று புஷ்பவல்லி கதவை உதைத்தாள். இரண்டு மாதக் கோபம் முழுவதும் அந்த உதையில் இருந்தது. "திறடி!"

உள்ளே யாரோ மெதுவாக ஏதோ முணுமுணுப்பது கேட்டது. தாலாட்டுப்போல.

போலீஸ்காரர் பக்கவாட்டு ஜன்னலில் டார்ச்சைப் பிடித்தார்.

யாமினி மெத்தையில் உட்கார்ந்திருந்தாள். விழித்துத்தான் இருந்தாள். அழவில்லை. அவளுக்குப் பின்னால் இருட்டுக்குள்ளிருந்து இரண்டு கைகள் வந்து, அவள் தலையைப் பின்னிக்கொண்டிருந்தன. கழுத்தோடு வெட்டிய முடி அவளுக்கு. ஆனால் பின்னல் தோளைத் தாண்டி, மடியைத் தாண்டி, மெத்தையிலிருந்து வழிந்து தரையில் சுருண்டு கிடந்தது. ஈரமாக. அந்தக் கைகளுக்கு அவசரமே இல்லை. மூன்று காலாகப் பிரித்து, ஒன்றன்மேல் ஒன்று போட்டு, இறுக்கி, மறுபடி பிரித்தன.

"யாமினி! அம்மா இங்க இருக்கேன் கண்ணு! இங்க பாரு!" புஷ்பவல்லி கண்ணாடியை இரு கைகளாலும் அறைந்தாள்.

குழந்தை திரும்பிப் பார்த்தது. தெருவில் போகும் யாரோ ஒருத்தியைப் பார்ப்பதுபோலப் பார்த்தது.

"மம்மி," என்றாள் யாமினி, தலையைப் பின்னால் சாய்த்து, இருட்டைப் பார்த்து. "ஹூ இஸ் தட் லேடி?"

கைகள் பின்னிக்கொண்டே இருந்தன.