பெரியப்பா சித்தப்பா ஆன ஞாயிற்றுக்கிழமை

“இனிமே நம்ம குடும்பத்துல யாரும் யாரையும் ஞாபகம் வச்சுக்கத் தேவையில்ல. அந்தக் கஷ்டத்துல இருந்து உங்க எல்லாருக்கும் இன்னையோட விடுதலை!”

மதுராந்தகத்தில், தன் வீட்டுக் கூடத்தில், டி.வி. முன்னால் நின்று கார்த்தி அறிவித்தான். கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிப்பவன். முகத்தில் சிரிப்பே இல்லை.

அவன் பெருமையடித்தது ஒரு மென்பொருளைப் பற்றி. யாருக்கு யார் என்ன உறவு என்று மரம்போல வரைந்து இணையத்தில் காட்டும். இலவசம்தான்.

“இதுல எதை வேணா மாத்தலாம், யார் வேணா மாத்தலாம். அதான் இதோட அருமை,” என்றான்.

அதை நிறுவும்போது அவன் கடவுச்சொல்லை மறந்துவிட்டு, திரும்பத் திரும்ப முதலிலிருந்து ஆரம்பித்தது தங்கை கீர்த்தனாவுக்கு மட்டும் தெரியும்.

டி.வி.யில் மரம் விரிந்தது. விருந்துக்கு வந்த உறவினர்கள் கைதட்டினார்கள். அச்சரப்பாக்கத்திலிருந்து வந்திருந்த தனகோடி பெரியப்பா மட்டும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கிட்டே போனார்.

“இன்னாடா இது? உங்கப்பன் முத்துசாமி அண்ணன்னு கீது. நான் தம்பின்னு கீது!”

“ஆமா பெரியப்பா... மன்னிக்கணும், சித்தப்பா. ஆதார்ல இருக்கிற பிறந்த தேதியத்தான் போட்டேன். கம்ப்யூட்டர் பொய் சொல்லாது.”

யாரோ சிரித்தார்கள். பெரியப்பா சிரிக்கவில்லை.

“நானா சித்தப்பா? இவன உப்புமூட்டை தூக்கிகினு ஊரெல்லாம் சுத்துனவன்டா நான்!”

அவர் பையை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்ச் செருப்பைத் தேடி மாட்டினார்.

“மாமா, இலை போட்டாச்சு!” என்று அம்மா ரேணுகா பின்னாலேயே ஓடினாள்.

“இந்த வூட்டுல நான் யாருன்னு முடிவு பண்ணிட்டுக் கூப்புடு. வரேன். இல்லன்னா இதான் கடைசி.”

கீர்த்தனாவுக்குக் காதெல்லாம் சூடானது. “போடறதுக்கு முன்னாடி யாரையாவது கேட்டியா அண்ணா?”

“கேட்டா ஆளுக்கொண்ணு சொல்லுவாங்க.”

அவள் அப்பாவிடம் திரும்பினாள். அப்பா கையிலிருந்த காலி வாழை இலையை மிகவும் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அப்பா, நீங்க எப்படி மூத்தவரானீங்க?”

அப்பா நெளிந்தார். “எங்கள ஸ்கூல்ல சேர்த்தப்ப தேதியெல்லாம் யாருக்குத் தெரியும்? வலது கையத் தலைக்கு மேல வளைச்சு, இடது காதத் தொடச் சொன்னாங்க. தொட்டா வயசு ஆயிடுச்சுன்னு அர்த்தம். எனக்கு எட்டிச்சு. அண்ணனுக்கு எட்டல. அவர அடுத்த வருஷம் வரச் சொல்லிட்டாங்க. தேதியும் அதுக்கேத்த மாதிரி எழுதிட்டாங்க. அதுவே ஆதார்லயும் ஏறிடுச்சு.”

கார்த்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். “காதத் தொட்டு வயசா! குரங்குகூட இப்படிச் செய்யாது!”

“சிரிடா,” என்றார் பெரியப்பா வாசலிலிருந்து. “அன்னைக்குக் காது எட்டலன்னு வாத்தியாரு வூட்டுக்கு அனுப்புனாரு. இன்னைக்கு உன் கம்ப்யூட்டர் அனுப்புது.”

கீர்த்தனாவால் அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை.

“கை குட்டையா இருந்தா அண்ணன் தம்பியாயிடுவாரா? இது என்ன நியாயம்? அப்பா, பெரியப்பாவ நீங்க எப்படிக் கூப்புடுவீங்க?”

“அண்ணான்னுதான்.”

“ஆதார்ல நீங்கதானே மூத்தவர்?”

“அதுக்காக? அவருதானே அண்ணன்!”

“போதும்,” என்று கீர்த்தனா லேப்டாப் முன்னால் உட்கார்ந்தாள்.

“தொடாத! தேதி இல்லன்னா அது ஒத்துக்காது!” என்று கார்த்தி கத்தினான்.

“யார் வேணா மாத்தலாம்னு நீதானே சொன்ன?”

அவள் இரண்டு தேதிகளையும் அழித்தாள். பெரியப்பா பெயரை இழுத்து அப்பா பெயருக்கு மேலே வைத்தாள்.

மென்பொருள் ஒத்துக்கொண்டது.

கீர்த்தனா வாசலுக்குப் போனாள். “பெரியப்பா, நீங்க உட்காராம உங்க தம்பி சாப்பிட மாட்டாராம்.”

பெரியப்பா ஜன்னல் வழியே டி.வி.யை எட்டிப் பார்த்தார். “அண்ணன்னு கீதா?”

“மேலயே கீது.”

அவர் செருப்பைக் கழற்றினார்.

எல்லாரும் உள்ளே சாப்பிட உட்கார்ந்தார்கள். கார்த்தியின் இலை மட்டும் காலியாக இருந்தது. அவனைக் கூப்பிட கீர்த்தனா கூடத்துக்குப் போனாள்.

கார்த்தி தனியாக நின்றிருந்தான். முன்னும் பின்னும் பார்த்தான். பிறகு வலது கையைத் தலைக்கு மேல் மெதுவாக வளைத்து, இடது காதைத் தேடினான்.

எட்டியது. நிச்சயமாகத் தெரிந்துகொள்ள, இன்னொரு முறையும் தொட்டுப் பார்த்துக்கொண்டான்.