திருகு தளர்த்தும் கை

விடுப்பு முடிந்து ஆய்வகத்துக்குத் திரும்பிய காலை, அவன் முதலில் ஜன்னல்களைத் திறந்துவைத்தான். கருகிய சுவருக்குப் புதிதாகச் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள். இந்தக் கல்லூரி வேதியியல் ஆய்வகத்தில் அவனும் அவன் மனைவியும் உதவியாளர்கள். இங்கே பற்றிய தீ அவளைக் கொண்டுபோய்விட்டது.

வேலை மட்டும் அப்படியே இருந்தது. ஸ்டாண்டில் கிளாம்ப்பை மாட்டி, அதன் தாடைகளுக்கு நடுவே குடுவையின் கழுத்தை வைத்துத் திருகை முடுக்கினான். அவனுக்கு எப்போதும் உடும்புப் பிடி. சூடேறினால் கண்ணாடி விரியும், இறுக்கினால் கீறல் விடும் என்று எத்தனை சொன்னாலும் அவனுக்கு ஏறாது. அவள்தான் பின்னாலேயே வந்து ஒவ்வொரு திருகையும் இம்மியளவு தளர்த்துவாள்.

"கொஞ்சம் விடுங்க, பாவம். அது என்ன எங்க அண்ணன் கழுத்தா?" என்பாள்.

அன்று தண்ணீர் எடுக்கத் திரும்பினான்.

கிரீச்.

திருகு தளர்ந்திருந்தது. இம்மியளவு.

திருகை விரலால் தடவிப் பார்த்தான். பிறகு தேம்பித் தேம்பி அழுதான்.

அதன்பின் வேண்டுமென்றே இறுக்கினான். இறுக்கினால்தானே வருவாள்? வீட்டில் ஒரு பாத்திரம்கூட அசையவில்லை. அவள் இருந்தது இந்தத் திருகில் மட்டும்தான். அவள் இன்னும் சற்று நேரம் பக்கத்தில் நிற்கட்டும் என்று, நாளுக்கு நாள் கூடுதலாக முடுக்கினான்.

"யார்கூடப்பா பேசிக்கிட்டிருக்க?" பேராசிரியர் வாசலில் நின்று தாழ்ந்த குரலில் கேட்டார்.

"யாருமில்ல சார். சும்மா."

மழை இருட்டிக்கொண்டு வந்த ஒரு பிற்பகலில், அவன் குறடெடுத்துத் திருகை முடுக்கிவிட்டு பர்னரைப் பற்றவைத்தான். குடுவை கொதித்தது. கிரீச் என்ற சத்தம் வந்தது, நின்றது, மறுபடி வந்தது. அவள் திணறுகிறாள் என்று புரிந்தது. புரிந்தும் சும்மா இருந்தான்.

"இன்னும் கொஞ்ச நேரம் இரும்மா," என்று கிசுகிசுத்தான்.

திருகின் மரை பிய்ந்தது. தாடைகள் வாயைப் பிளந்தன.

குடுவை விழவில்லை.

எந்தப் பிடியும் இல்லாமல், தீக்கு மேலே, அந்தரத்தில் நின்று கொதித்தது. தோல் தீயும் வாடை எழுந்தது. மருத்துவமனைக் கட்டிலருகே அவன் முகர்ந்த அதே வாடை. தன் ஆசைக்காக அவளை மறுபடியும் நெருப்பில் நிறுத்திவிட்டான்.

பர்னரை அணைத்தான்.

"விட்டுடும்மா. சுடும். உடைஞ்சா உடையட்டும்."

குடுவை நடுங்கியது. விழவில்லை.

"சரி, நான் பிடிச்சுக்கறேன். நீ போ. இனிமே கூப்பிடவே மாட்டேன்."

பல்லைக் கடித்துக்கொண்டு, வெறும் கைகளால் குடுவையைப் பற்றினான்.

சுடவில்லை.

கொதிக்கும் கண்ணாடிக்கும் அவன் உள்ளங்கைகளுக்கும் நடுவே, சில்லென்று மெல்லிய விரல்கள் இருந்தன.

"போம்மா," என்றான் மறுபடியும்.

விரல்கள் விலகவில்லை.