துளி வெள்ளை சேராத நீலம்

மகளின் சிவப்புக் கவுன் கொடியில் காய்ந்துகொண்டிருந்தது. யாரோ அந்தச் சிவப்பில் ஒரு சொட்டு வெள்ளையைக் கலந்துவிட்டது போல அவனுக்குப் பட்டது. சாயம் போன துணியை அவனுக்குத் தெரியும். அது தையலோரம் ஒரு மாதிரி, மடிப்பில் ஒரு மாதிரி வெளுக்கும். இதுவோ கழுத்திலிருந்து கீழ் ஓரம் வரை ஒரே சீராக, கிண்ணத்தில் குழைத்தெடுத்த நிறமாக இருந்தது.

மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினான். அவள் கவுனைப் பார்த்துவிட்டு அவனைப் பார்த்தாள்.

"மொதல்ல கண்ணாடிய மாத்துங்க. நாள் பூரா விரல் உசரத்து பொம்மைய மொறச்சுக்கிட்டு இருந்தா வேற எப்படித் தெரியும்?"

அவள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. விரல் உயர ஈயப் போர்வீரர்களுக்கு வண்ணம் தீட்டுவதுதான் அவன் பிழைப்பு. பழைய பிரெஞ்சுக் காலாட்படை அணிவகுப்பு ஒன்றைச் சேகரிப்பாளர் ஒருவர் கேட்டிருந்தார். நீலக் கோட்டு, வெள்ளை மார்பு மடிப்பு, சிவப்புக் காலர், பித்தளைப் பொத்தான். இந்தத் தொழிலில் ஒரு விதி உண்டு. உருவம் சிறுத்தால் நிறமும் வெளுக்க வேண்டும். தூரத்து மலை வெளிறித் தெரிகிறதல்லவா, அப்படி. நிஜ நிறத்தை அப்படியே பூசினால் குட்டி உருவத்தில் கறுத்துப்போய்ச் சகிக்காது. அதனால் எல்லா நிறத்திலும் கொஞ்சம் வெள்ளை சேர்ப்பான்.

சேகரிப்பாளருக்கு இது பிடிபடவில்லை. அசல் கோட்டிலிருந்து வெட்டிய கம்பளித் துண்டு ஒன்றை அனுப்பி, இம்மி பிசகாமல் இதே நிறம் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். எப்படியோ போகட்டும் என்று, வரிசையின் கடைசி வீரனுக்கு மட்டும் துளி வெள்ளை சேர்க்காமல் அந்த நீலத்தையே நேற்றுப் பூசி வைத்தான்.

கறுத்துத் தெரிய வேண்டிய கோட்டு இன்று மிகச் சரியாக இருந்தது, ஓர் ஆளுயர மனிதன் போட்டிருப்பதைப் போல. சந்தோஷப்பட வேண்டிய விஷயம்தான். ஆனால் அவன் அந்த வீரனை மறுபடி கையில் எடுக்கவில்லை.

மதியத்தில் மழை பிடித்துக்கொண்டது. குளியலறையின் மஞ்சள் வாளி வெண்ணெய் நிறத்துக்கு வந்திருந்தது. சுவரில் மாட்டிய பச்சைப் பை, கதவின் பழுப்பு, குடையோடு கடைக்குக் கிளம்பிய மனைவியின் உதடு, எல்லாவற்றிலும் அதே ஒரு சொட்டு. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். இவனுக்கு வெளுத்ததெல்லாம் பேயாக இருந்தது. உடம்பு சரியில்லையா என்று அவளைக் கேட்டான். நல்லாத்தான் இருக்கேன், பாப்பா தூங்குறா, எழுப்பிடாதீங்க என்று சொல்லிவிட்டுப் போனாள்.

கதவு சாத்திய பிறகுதான் அவனுக்கு உறைத்தது. வீட்டின் நிறங்கள் மங்கவில்லை. விதிப்படி மாறுகின்றன. சிறுத்துப்போனவற்றுக்கு எப்படி மாற வேண்டுமோ, அப்படி.

அந்த நீலத்தைச் சுரண்டி எடுத்துவிடலாம் என்று மேசைக்கு ஓடினான். வரிசையில் எல்லா வீரர்களும் நின்றார்கள். கடைசி இடத்தில் பீடம் மட்டும் இருந்தது. அதன்மேல் வண்ணம் படாத இரண்டு பாதத் தடங்கள். அறை முழுக்க ஈரக் கம்பளியின் நாற்றம், அதனடியில் வெடிமருந்தின் கார நெடி. மேசைக்கு அடியில் தேடினான். கிடைக்கவில்லை.

பக்கத்து அறையில் சத்தம்.

கண்ணாடிக் குவளையில் தூரிகையை அலசும் சத்தம். க்ளிங். க்ளிங். அவனுடைய குவளை அவன் கண்ணெதிரே மேசையில், அலையாத தண்ணீரோடு இருந்தது.

மகள் அந்த அறையில் இருந்தாள்.

கதவைத் தள்ளினான். கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். கைகள் தொடையில். கன்ன மேட்டில் வெளிர் ரோஜா. கழுத்தும் சட்டையும் சேரும் இடத்தில் மயிரிழை போல ஒரு பழுப்புக் கோடு, பொம்மைகளுக்கு அவன் இழுப்பது போல. எவ்வளவு நேர்த்தியான கோடு. இடது கண் வரைந்து முடிந்திருந்தது, ஈரம் காயாத ஒரு கறுப்புப் புள்ளி. வலது கண் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் தோல் நிறம்.

"அப்பா," என்றாள். உதடு அசையவில்லை. "அசையக் கூடாதாம். இன்னும் ஒரு கண்ணு பாக்கியாம்."

அவளை அள்ளித் தூக்கப் போனான். முழங்கால் மடங்கவில்லை. கை நீளவில்லை.

ஜன்னலில் நீலம். மழை விட்டு வானம் வெளுத்துவிட்டதாக ஒரு கணம் நினைத்தான். வானத்துக்கு நெசவு கிடையாது. இழை இழையாகத் தெரிந்தது, கயிறு தடிமனில். துளி வெள்ளை சேராத நீலம். நடுவே தட்டு அகலப் பித்தளைப் பொத்தான் ஒன்று, மூச்சுக்கு ஏறி, இறங்கி.

மேலே எங்கோ உதடு குவியும் ஓசை. தூரிகை முனையை வாயில் வைத்துக் கூராக்கும் ஓசை. தினமும் அவன் செய்வதுதான்.

ஜன்னல் கம்பிகளுக்கு இடையே தூரிகை உள்ளே வந்தது. கறுப்பு சொட்டியது. மகளின் வலது கண்ணுக்கு நேரே வந்து, நிதானமாக, நின்றது.