இருள் நாழிகை

"அப்போ மூச்சு விடாமல் இருக்கப் போகிறாய், அதைச் சொல்லு."

"விடுவேன் அக்கா, பன்னிரண்டு நிமிடம் தாங்கும் என்று…"

"நாழிகைக்கு எத்தனை நிமிடம்?"

"இருபத்துநாலு. ஆனால் நீ என்னைப் பேசவே…"

"மீதிப் பன்னிரண்டுக்கு என்ன செய்வாய், தேசிய கீதம் பாடுவாயா?"

தம்பியின் நுரையீரலிலிருந்து சல்லடையை உருவிக் குழாயடியில் அலம்பிக்கொண்டே இத்தோஹான் இதைக் கேட்டாள். வாரம் ஒருமுறை நடக்கிற வேலைதான். சல்லடை வெளியே இருக்கும்போது ஓசரோடியனுக்குப் பாதி வாக்கியத்துக்குத்தான் காற்று போதும். சண்டைக்கு அவள் எப்போதும் அந்த நேரத்தைத்தான் தேர்ந்தெடுப்பாள்.

மார்புக்குள் பொருத்திய செயற்கை நுரையீரல் அது. வீட்டுச் சுவரிலிருந்து கம்பியில்லாமல் மின்சாரத்தை உறிஞ்சும். சுவர் கொடுக்காவிட்டால், உள்ளே உள்ள சேமக்கலம் பன்னிரண்டு நிமிடம் ஓட்டும். அதைவிடப் பெரிய சேமக்கலம் யாரும் செய்வதில்லை. எழுபது வருடமாக ஒரு கணம்கூட மின்சாரம் போகாத நாட்டில் எவன் செய்வான்?

அந்த நாடு நைஜீரியா. இன்னும் மூன்று நாளில் அதற்குச் சுதந்திரம் வந்து இருநூறு ஆண்டு. அக்காவும் தம்பியும் குடியிருப்பது லாகோஸ் கரைக்கு அப்பால், கடலடியில் கண்ணாடிக் கூரை போட்டுக் கட்டிய ஆழ்நகரில். அங்கே சூரியன் எட்டிப் பார்ப்பதில்லை. பகல் என்பதே மின்சாரம் போட்ட பிச்சைதான். காற்றுக்கு மட்டும் வெளியே தனி ஆலை, தனிக் கம்பி. ஊர் இருண்டாலும் ஊருக்கு மூச்சு முட்டாது. ஓசரோடியனுக்குத்தான் முட்டும்.

முட்ட வைத்தவனும் அவனே. மரபுக் குழுவில் முப்பது வருடம் உட்கார்ந்து பழைய ஒலிப்பதிவுகளைத் தொகுத்தவன். ஒருநாள் அதில் ஒரு தெருவைக் கேட்டான். நெடுநேரம் இருட்டு, கொசு, யாரோ யாரையோ திட்டுவது. பிறகு மின்சாரம் வருகிறது. குழந்தை, கிழவர், காவல்காரர், கடைக்காரி என்று தெருவே ஒரே தொண்டையில் ஆர்ப்பரிக்கிறது. ஓசரோடியன் அழுதுவிட்டான்.

"இருநூற்றைம்பது இனம் அக்கா. ஒன்றுக்கொன்று ஒத்துப்போனதே இல்லை. அந்தக் கூச்சலில் மட்டும் எல்லாரும் ஒரே குடும்பம். இப்போது எல்லாம் இருக்கிறது, அந்தக் கூச்சல் இல்லை."

அதனால் சுதந்திர தினக் காலை பத்து மணிக்கு ஒரு நாழிகை நாடெங்கும் மின்சாரத்தை நிறுத்துவது என்று அவன் எழுதிக் கொடுத்தான். அமைச்சகம் நெகிழ்ந்து ஏற்றுக்கொண்டது. அதற்கு இருள் நாழிகை என்று பெயரும் வைத்தது.

"நம் வீட்டுக்கு மட்டும் மின்சாரம் நிற்காதபடி விலக்குச் சீட்டு வாங்கு. இல்லை, அன்றைக்கு ஆஸ்பத்திரியில் போய்ப் படு," என்றாள் சல்லடையைத் திரும்ப மாட்டிக்கொண்டே.

"இருட்டைக் கேட்டவன் நான். நானே வெளிச்சத்தில் உட்கார்ந்தால் ஊர் சிரிக்காதா?"

"உன் இழவு வீட்டில் சிரிக்க மாட்டார்கள், அதுவும் சரிதான்."

அவளே போனாள். மின்வாரியத்தில் எழுத்தர் வேலை பார்ப்பது இயந்திரம். போன வருடம் வரை கேட்ட கணத்தில் காரியத்தை முடித்துக் கொடுக்கும்.

"விலக்கு நானூறு வீட்டுக்குத்தான், மேடம். நானூறும் போய்விட்டது."

"யாருக்கு?"

"அமைச்சகத்தாருக்கு. அவர்கள் உறவுகளுக்கு. விருந்துக் கூடங்களின் பனிப்பெட்டிகளுக்கு."

"என் தம்பியின் நுரையீரல் பனிப்பெட்டியைவிடக் கேவலமா?"

"நாளைக்கு வாருங்கள். பெரியவர் இருக்கையில் இல்லை."

"இந்த அலுவலகத்தில் பெரியவர் என்று ஒருவர் எப்போது இருந்தார்?"

"இல்லைதான், மேடம். ஆனால் மரபுத் தொகுப்பை எங்களுக்கும் ஊட்டியிருக்கிறார்கள். அந்தக் காலத்தில் பெரியவர் இருக்கையில் இருக்கவே மாட்டாராம். உங்கள் தம்பி ஒன்றையும் விடாமல் தொகுத்திருக்கிறார்."

வீட்டுக்கு வந்தால், பக்கத்து வீட்டு இதாராவின் மாடத்தில் ஏதோ ஒரு பூதம் சங்கிலியால் கட்டப்பட்டிருந்தது. இதாரா கலபார் பக்கத்துக்காரி, கை தாராளம், வாய் அதைவிடத் தாராளம்.

"ஜெனரேட்டர், ஆன்ட்டி. அருங்காட்சியகத்து மாதிரியைப் பார்த்துக் கரையில் புதிதாகச் செய்கிறார்கள். எண்ணெய் ஊற்றிக் கயிற்றை இழுத்தால் போதும். என் விருந்து ஜொல்லோஃப் சோறு இருட்டில் கிடக்கவா?"

"இருபத்துநாலு நிமிடத்துக்காகவா இதை வாங்கினாய்?"

"எதிர்வீட்டுக்காரி வாங்கிவிட்டாளே." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "ஐயாவுக்கு நெஞ்சில் இயந்திரம் இருக்கிறது, எனக்குத் தெரியாதா? மாடத்தின் வழியாக ஒரு கம்பி இழுத்து உங்கள் சுவரில் செருகிக்கொள்ளுங்கள். அவரிடம் சொல்லாதீர்கள்."

சுதந்திர தினத்தன்று தெரு முழுக்க ஒரே துணி. விருந்துக்கு எல்லாரும் ஒரே துணியில் தைத்துப் போடுவது அங்கே வழக்கம். இதாரா தேர்ந்த பச்சைக் கட்டத்தில் ஓசரோடியனும் சட்டை போட்டுக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தான். பத்து அடித்தது. ஊர் அணைந்தது. அவன் கண்ணை மூடிக் காது கொடுத்தான்.

ஒரு மூச்சுக்கூட ஆகவில்லை. தெருக்கோடியிலிருந்து கோடிவரை ஜெனரேட்டர்கள் உறுமின. ஜன்னல் ஜன்னலாக வெளிச்சம். புகை மேலே போய்க் கூரைக் கண்ணாடியில் கரியாகப் படிந்தது. நாழிகை முடிந்து மின்சாரம் வந்தபோது அதை யாரும் கவனிக்கவில்லை. அவரவர் வீட்டில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது, தெரு விளக்கு யாருக்கு வேண்டும்?

"கூச்சல் எங்கே அக்கா?" என்றான். அவள் சுவரிலிருந்த இதாராவின் கம்பியை உருவித் துணிமடிப்பில் மறைத்தாள்.

கவனித்த ஒரே ஆள் மின்வாரியம். ஒரு நாழிகை நிறுத்தியும் ஒரு புகார்கூட வரவில்லை. வீட்டுக்கு வீடு விளக்கு இருக்கும்போது வாரியம் எதற்கு மாய்ந்து மாய்ந்து உழைக்க வேண்டும்? அடுத்த மாதத்திலிருந்து இருள் நாழிகை தினமும் நண்பகலில் என்று அறிவித்தார்கள். அதற்கடுத்து, தேவைப்பட்டால் மூன்று நாழிகை. ஜெனரேட்டர்களுக்காக எண்பது வருடத்துக்கு முன் மூடிய எண்ணெய்க் கிணறுகளைத் தோண்டித் திறந்தார்கள். திறப்பு விழாவில் மரபு மீண்டது என்று பேசினார்கள்.

ஓசரோடியன் குழுவுக்கு எழுதினான். நான் கேட்டது வருடத்தில் ஒரு நாழிகை, நிறுத்துங்கள் என்று. பதில் வந்தது: நிறுவனரின் வாழ்த்துக்கு நன்றி. இப்போதுதான் செய்யத் தொடங்கிய பெரிய சேமக்கலத்துக்கு இத்தோஹான் பெயர் பதிந்து ஏழு மாதம் ஆயிற்று. பெரியவர் இருக்கையில் இல்லை. நண்பகல் ஆனால் இதாராவின் கம்பியை இப்போது ஒளிக்காமலே செருகிக்கொண்டார்கள்.

அடுத்த சுதந்திர தினம். நண்பகலில் போக வேண்டிய மின்சாரம் ஒன்பதே முக்காலுக்கே, சொல்லாமல் போய்விட்டது. இத்தோஹான் கம்பியைச் செருகிவிட்டு மாடத்துக்கு ஓடினாள். இதாரா கயிற்றை இழுத்தாள். பூதம் இருமியது. மறுபடி இழுத்தாள். இருமவும் இல்லை.

"ஒரு சொட்டு இல்லை ஆன்ட்டி. விடியலிலிருந்து என் வீட்டுக்காரர் எண்ணெய்க்கு வரிசையில் நிற்கிறார்."

"வேறு யாரிடமாவது கேளேன்."

"தெருவே வரிசையில்தானே நிற்கிறது. எண்ணெய் ஊறுகிற நாட்டில் எண்ணெய் இல்லையாம்."

இத்தோஹான் தெருவைப் பார்த்து உதவிக்குக் குரல் கொடுத்துப் பார்த்தாள். இருட்டில் ஆளாளுக்கு எதற்காகவோ குரல் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். திரும்பி வந்தபோது தம்பியின் மார்பில் சேமக்கலத்தின் இருப்பைக் காட்டும் பச்சைப் புள்ளி மஞ்சளாகியிருந்தது.

"ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு…"

"மின்தூக்கி ஓடாது அக்கா. பதினேழு மாடி. உட்கார்." அவன் குரல் மெலிந்திருந்தது. "தெருவில் ஒரு விளக்குகூட இல்லை, பார்த்தாயா?"

"அதில் உனக்குச் சந்தோஷம் வேறா?"

"ஜன்னலைத் திற."

திறந்தாள். மஞ்சள் சிவப்பானது. அவன் கை அவள் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டது. சிவப்பும் அணைந்தபின் அவள் இரு உள்ளங்கையாலும் அவன் மார்பை அழுத்தினாள், விட்டாள், அழுத்தினாள். எழுபத்தோரு வயதுக் கை. எத்தனை நேரம் என்று தெரியவில்லை.

மின்சாரம் வந்தது.

கீழே ஒரு குழந்தை கத்தியது முதலில். அப்புறம் வரிசையில் நின்றவர்கள், படியில் நின்றவர்கள், மாடத்தில் கயிறும் கையுமாக நின்ற இதாரா, தெரு, அடுத்த தெரு, ஆழ்நகர் முழுவதும் ஒரே தொண்டையில் ஆர்ப்பரித்தது. கூரைக் கண்ணாடி அதிர்ந்தது. ஓசரோடியனின் மார்பில் பச்சைப் புள்ளி எரிந்தது. நல்ல இயந்திரம், விட்ட இடத்திலிருந்து வேலையைத் தொடங்கி அந்த நெஞ்சைத் தூக்கித் தூக்கி இறக்கியது. கை மட்டும் குளிர்ந்திருந்தது.

இத்தோஹான் குனிந்து அவன் காதருகே சொன்னாள்: "கேட்டதா, ஓசா? எல்லாரும் ஒரே குரலில்."