வெண்பாதி

ஹோல்ம்ஃபென் தேவாலயத்தில், நாற்புறமும் பலகை அடைத்து மரக்கதவு வைத்த முன்னிருக்கைக்குள் திரேல் குடும்பத்தார் தவிர வேறெவரும் கால் வைப்பதில்லை. கதவுக்குப் பூட்டில்லை; தடையை எவரும் எழுதி வைக்கவுமில்லை. துப்புரவுப் பெண்கூட வெளியே நின்று நீளத் துடைப்பத்தால்தான் கூட்டுவாள்.

வினிஃப்ரெட் துப்பறிவாளர் கெட்டிலை அங்கே அழைத்துவந்த காலையில், அவளுடைய தாயின் சவப்பெட்டி வாசலில் காத்திருந்தது.

"குடும்பக் கல்லறையில இடமில்லைன்னுட்டாரு துரை. எங்க கொள்ளுத்தாத்தா எட்மண்ட் திரேல் கல்யாணமே பண்ணலையாம். எங்க கொள்ளுப்பாட்டி வப்பாட்டியாம்!" என்றாள் வினிஃப்ரெட்.

அந்தத் துரை, சர் காட்ஃப்ரே திரேல், கைத்தடியால் சுவரைச் சுட்டினார். முன்னிருக்கைக்கு நேர்மேலே, எட்மண்ட் இறந்தபோது மாட்டிய குலச்சின்னப் பலகை தொங்கியது: கேடயம் முழுதும் திரேல்களின் சிவப்புப் பட்டைகள், சுற்றிலும் கறுப்பு.

"பிரம்மச்சாரி செத்தா முழுக் கறுப்பு. எண்பது வருஷமா இதை யாரும் தொட்டதில்ல."

"மனைவி உயிரோட இருந்திருந்தா?" என்றார் கெட்டில் அமைதியாக.

"கேடயத்துல வலதுபாதி அவ குடும்பச் சின்னம். அந்தப் பக்கம் பின்னணி வெள்ளை. இதுகூடத் தெரியாமலா துப்பறிய வந்தீர்?"

கெட்டிலின் உதவியாளர் நெல், கண்ணில் வைத்த பைனாகுலரை இறக்கவேயில்லை. "சார்! இடதுபாதி காய்ஞ்ச குளம் மாதிரி வெடிச்சிருக்கு. வலதுபாதி மொழுமொழுன்னு இருக்கு. ஆணி வேற பளபளங்குது!"

"ஒரே நாள்ல தீட்டின பலகையில பாதிக்கு மட்டும் எப்படி வயசாகும், துரை?" என்றார் கெட்டில். "புது வண்ணத்துக்கு அடியில வெள்ளை இருக்கு. இந்தம்மா போட்டிருக்கிற கொள்ளுப்பாட்டி மோதிரத்துல இருக்கிற அதே நாரைச் சின்னமும் இருக்கும்."

"கண்ட நாயும் ஏணி வெச்சு ஏறியிருக்கலாம்!"

"ஏணியை இந்த இருக்கைக்குள்ளதான் நிறுத்த முடியும். உங்களைத் தவிர இந்த ஊர்ல யார் உள்ள போவா? நீங்க போட்ட வேலியே சாட்சி சொல்லுது. அந்த மெத்தையைக் கொஞ்சம் தூக்கிக் காட்டுங்க."

சர் காட்ஃப்ரே அசையவில்லை. "என் இருக்கையை எவனும் சோதிக்க முடியாது."

மரக்கதவு கிறீச்சிட்டது. வினிஃப்ரெட் உள்ளே போய் மெத்தையைப் புரட்டி எறிந்தாள். இருக்கைப் பலகையில் கட்டைவிரல் அகலத்துக்குக் கறுப்பு வண்ணச் சொட்டு.

"வெளிய வாடி!"

அவள் அந்தச் சொட்டின் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். வாசலை நோக்கிக் கத்தினாள்:

"எங்கம்மாவை உள்ள தூக்கிட்டு வாங்க!"