சுவிட்சுப் பக்கத்து ஆள்

லேத் சூடாக இருந்தது.

சோபியா, இரும்பைக் கவ்விச் சுழற்றும் சக்கின் மேல் வைத்த கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். நேற்று சாயங்காலம் நிறுத்திய மெஷின். இன்று சனிக்கிழமை, மூன்று மணிக்கு ஜெயசீலன் சார் வந்து திறக்கும்வரை பள்ளிக்கூடத்துப் பட்டறை பூட்டித்தான் கிடந்தது. தகரக் கூரை வெயிலில் காய்ந்து சூடு இறங்கியிருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். விடிந்ததிலிருந்து மழை கொட்டிக்கொண்டிருப்பது அப்புறம்தான் உறைத்தது.

அதையெல்லாம் யோசிக்க நேரம் ஏது? ஐந்து மணிக்குள் ஓர் இரும்பு ராடை இருபத்தைந்து மில்லிமீட்டர் கனத்துக்குக் கடைந்து சார் மேஜையில் வைத்தாக வேண்டும். வைத்தால் திருச்சிக் கம்பெனிக்குப் பயிற்சிக்குப் போகும் பட்டியலில் அவள் பெயர் ஏறும். வைக்காவிட்டால் பிளஸ் டூ முடிந்த மறுநாளே வரதராஜன்பேட்டையில் அம்மாவுக்குப் பக்கத்தில் குந்தி முந்திரிக்கொட்டை உடைக்க வேண்டியதுதான். கொட்டையின் பால் பட்டுப் பட்டு அம்மாவின் விரலில் ரேகையே இல்லை. ரேஷன் கடை மெஷின் அந்த விரலை வாங்கவே மாட்டேன் என்கிறது. அந்தக் கை தனக்கு வரவே கூடாது என்று சோபியா வைராக்கியமாக இருந்தாள்.

நேற்றே முடித்திருப்பாள். கெடுத்தது கீதாஞ்சலி. அந்தப் பட்டறையில் ஒரு லேத்துக்கு இரண்டு பேர். ஒருத்தி மெஷினில் நிற்பாள், இன்னொருத்தி அவளுக்குப் பின்னால் எட்டடி தள்ளிச் சுவரில் இருக்கும் சுவிட்சில். மெஷினிலேயே இருந்த சுவிட்ச் செத்துப்போய் இரண்டு வருடம் ஆகிறது. சுவிட்சுக்காரி "போடவா?" என்று கேட்பாள். மெஷின்காரி கையை விலக்கி, சக்கை இறுக்கும் சாவியையும் உருவி மெஷின் தட்டில் வைத்துவிட்டு, "போடு" என்பாள். அந்த ஒரு சொல் வராமல் யாரும் சுவிட்சைத் தொடக் கூடாது. நேற்றுக் கடைசிக் கட்டிங்கில் கீதாஞ்சலி பின்னாலிருந்து ஏதோ கோணங்கித்தனம் பேச, இவள் சிரிக்க, கை கூடுதலாகத் திருகி ராடு இளைத்துப்போயிற்று. "இனிமே எங்கிட்ட பேசாதடி" என்று கத்திவிட்டு வந்தாள். ரோஷக்காரி இன்று வரவே இல்லை.

"ஹெச்.எம். கூப்புடுறாரு. நான் வர்ற வரைக்கும் தனியா மெஷின ஓட்டாத பிள்ள" என்று சொல்லிவிட்டுப் போன சாரையும் நாலு மணி ஆகியும் காணோம்.

மழை கூரையில் அரிசி புடைப்பதுபோல் விடாமல் சரசரத்தது. மேகம் இறங்கி ஜன்னல்கள் சாம்பல் பூத்திருந்தன. மெஷினைக் குளிர்விக்கும் கூலண்ட் எண்ணெயின் புளித்த வாடையோடு ஈர மண் வாடையும் உள்ளே வந்தது. சோபியா புது ராடைச் சக்கில் மாட்டி இறுக்கிச் சாவியை உருவினாள். ஆனது ஆகட்டும், நாமே போய்ச் சுவிட்சைப் போட்டுக்கொள்ளலாம் என்று அவள் நினைத்த அதே நொடியில் பின்னாலிருந்து குரல் வந்தது.

"போடவா?"

கீதாஞ்சலியின் கட்டைக் குரல். சோபியாவுக்கு உள்ளுக்குள் குளிர்ந்துவிட்டது. சமாதானமாகிவிட மழையில் நனைந்து ஓடி வந்திருக்கிறாள், கழுதை! ஆனாலும் உடனே திரும்பிச் சிரித்துவிட மனசு வரவில்லை. கொஞ்ச நேரம் தவிக்கட்டும்.

"போடு" என்றாள் முறைப்பாக.

லேத் உறுமிச் சுழன்றது. டூல் தொட்ட இடத்தில் இரும்பு சுருள் சுருளாக நீலம் பாரித்து உரிந்து விழுந்தது. அவள் டூலைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. எடுக்கக் கூடாது என்பது சாரின் கட்டளை. பின்னால் ஈரத் துணியிலிருந்து நீர் சொட்டும் சத்தம் கேட்டது. மூச்சுச் சத்தம் மட்டும் கேட்கவில்லை.

"நிறுத்து."

நின்றது. அளந்து பார்த்தாள். ஒரு பாதி கச்சிதம். மாதாவே! ராடைத் திருப்பி மாட்டினால் மறு பாதியும் பத்தே நிமிடம். திருப்பி மாட்டிக் குனிந்து, மூக்கு சக்கில் இடிக்கிற அளவுக்குக் கிட்டே போய், நேராக நிற்கிறதா என்று பார்த்தாள். பட்டறைக் கோட்டுக்குள் அவள் செருகியிருந்த சடையை யாரோ மெல்ல வெளியே எடுத்தார்கள். விரல்கள் ஜில்லென்று இருந்தன.

"சும்மா இருடி. வேலையில இருக்கேன்ல?"

முழு பலத்தையும் கொடுத்துச் சக்கை இறுக்கினாள். சாவியை உருவித் தட்டில் வைத்தாள்.

அப்போது கதவு அதிர்ந்தது.

"சோபியா! யாரு மெஷின ஓட்டுனது? கதவத் தொற!"

சார். அவள் கதவைச் சாத்தவே இல்லையே.

"தாப்பா போடல சார்! தனியா ஒண்ணும் ஓட்டல, கீதாஞ்சலி சுவிட்சுல நிக்கிறா."

சார் தள்ளிப் பார்த்தார்; கதவு அசையவில்லை.

"என்ன பிள்ள சொல்ற? கீதாஞ்சலிக்குக் காலையிலேருந்து நல்ல காய்ச்சல். ஆஸ்பத்திரில படுத்துருக்கா. இப்பத்தான் அவங்கம்மா போன் பண்ணாங்க."

சோபியா திரும்பிப் பார்க்கப் போனாள். நிமிரப் பார்த்தாள். முடியவில்லை. தலையைச் சுண்டி இழுத்தது. கண்ணை உருட்டிப் பார்த்தாள். சடையின் நுனி ராடுக்கும் சக்கின் பல்லுக்கும் நடுவே சிக்கிக் கிடந்தது. இறுக்கியது அவளே. சாவி இருந்தால் ஒரே திருகில் விடுபடலாம். தட்டைத் துழாவினாள்.

சாவி இல்லை.

பின்னால், சுவரில், இரும்பு இரும்பைத் தட்டியது. டொக். டொக்.

"போடவா?"

கீதாஞ்சலியின் குரலேதான். சோபியா வாயை இறுக மூடிக்கொண்டாள். சொல்லாதே. நீ சொல்லாமல் போட முடியாது. இரண்டு கையாலும் சடையைப் பிடித்து இழுத்தாள். எண்ணெய்க் கை வழுக்கியது. கன்னம் இரும்பில் உரசியது.

"சோபியா! பதில் சொல்லும்மா!" சார் தோளால் கதவை மோதினார். கீல் முனகியது.

"போடவா?"

உதட்டைப் பல்லால் கடித்தாள். ரத்தம் உப்புக் கரித்தது. கதவு ஒரு விரல்கடை விலகியது. இன்னும் ஒரே இடி. சார், சீக்கிரம், சார்.

"போடவா?"

அவள் வாயைத் திறக்கவில்லை. மூச்சுகூட விடவில்லை.

அவள் காதோரம், ஈரமாக, மிக மெதுவாக, சோபியாவின் குரல் சொன்னது:

"போடு."